அன்னம் அத்தை எந்த நாடு?

ஒரே ஒரு கட்டம்தான் விமலனுக்குப் பிடிபடவில்லை. அன்னம் அத்தையின் விசா மனுவில் ‘குடியுரிமை’ என்ற இடத்தில் என்ன எழுதுவது?

வெள்ளிக்கிழமைக்குள் ஏதாவது ஒரு நாட்டின் பாஸ்போர்ட்டையோ, அதற்கு மனுப் போட்ட ரசீதையோ காட்ட வேண்டும். இல்லையென்றால் வெளியேற்ற உத்தரவு என்று குடிநுழைவு அதிகாரி சொல்லிவிட்டார். இன்று புதன். மலேசியாவை விட்டு வந்து குடியேறிய வெளிநாட்டு ஊரான ரானுயியில், வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி விமலன், அப்பா, அத்தை மூவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

அத்தை 1936இல் சீனக் குடும்பத்தில் பிறந்தவர். ராசி சரியில்லை என்று பெற்றவர்கள் கொடுத்துவிட்ட கைக்குழந்தையை, பேராக் மாநிலத்துப் பாரிட் புந்தாரில் இருந்த விமலனின் தாத்தா எடுத்து வளர்த்தார். மலாயாத் தமிழ்க் குடும்பங்களில் அப்போது இது சகஜம். தத்தெடுத்ததை யாரும் பதிவு செய்யவில்லை. வளர்ந்த ஊரையே பிறந்த ஊராகச் சொல்லி, அதற்கும் அத்தாட்சி இல்லாமல், அத்தைக்குக் கிடைத்தது சிவப்பு அடையாள அட்டை. மலேசியாவில் வசிக்கலாம், குடிமகள் அல்ல. அவர் அண்ணன் வீட்டுக்கு வந்த தற்காலிகப் பயணப் பத்திரமும் காலாவதியாகிவிட்டது.

“சீனான்னே எழுதிடு. பழைய சர்டிபிகேட்டுல அப்படித்தானே இருக்கு?” என்றார் அப்பா தனபாலன்.

“என்னாண்ணே பேசுற? எனக்கு ஒரு வார்த்த சீனம் தெரியாது. அங்க இறக்கிவிட்டா யாருகிட்டலா ரசம் கேப்பேன்?” சிரிக்கப் பார்த்தார் அத்தை. தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டார்.

விமலன் பிறப்புப் பத்திரத்தை இழுத்துப் படித்தான். பெயர்: டான் சியூ எங். இனம்: சீனர்.

இனம். நாடு இல்லையே! இத்தனை நாளும் எல்லாரும் அந்த ஒரு வரியைத்தான் பார்த்துப் பயந்திருக்கிறார்கள். பிறந்த இடம் அதற்குக் கீழே இருந்தது: நிபோங் திபால்.

“ப்பா, நிபோங் திபால் பேராக்கா?”

“இல்லலா, பினாங்கு. நம்ம வீட்லேர்ந்து சைக்கிள்ல போயிடலாம்.”

விமலன் எழுந்துவிட்டான். “ரெண்டு ஊரையும் வெள்ளைக்காரன்தான் ஆண்டான். ஆனா சட்டம் வேற. பேராக் சுல்தானோட நாடு, வெள்ளைக்காரன் ஆலோசகன்னு பேர் வச்சுக்கிட்டு ஆண்டான். அங்க பொறந்ததால மட்டும் பிரிட்டிஷ் பிரஜை ஆக முடியாது. பினாங்கு பிரிட்டிஷ் மன்னரோட சொந்த மண்ணு. சீனா ரத்தத்தப் பாத்து உரிமை கொண்டாடுச்சு, பிரிட்டிஷ் சட்டம் மண்ணப் பாத்துச்சு.”

“அப்ப என்னைய லண்டனுக்கு அனுப்பிடுவானா?”

“அங்க குடியிருக்க அந்தப் பாஸ்போர்ட் உதவாது அத்தை. இங்க விசா ஒட்ட உதவும்.”

“இந்தப் பத்திரத்துல இருக்கற பிள்ளதான் இவளுன்னு யாரு நம்புவா?” என்றார் அப்பா.

“கொடுத்தப்ப யாரு பாத்தா?” என்றான் விமலன்.

அப்பா தங்கையைப் பார்த்தார். “நான் பாத்தேன். எனக்கு ஒம்பது வயசு. அந்தம்மா கொடுக்க மாட்டேன்னு அழுதுச்சு.”

அத்தை தேநீரைக் கீழே வைத்தார். அறுபது வயது வரை யாரும் அவருக்குச் சொல்லாத செய்தி அது. பிறப்புப் பத்திரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“அந்தப் பேர்ல கையெழுத்துப் போடறேன். கூப்பிட மட்டும் கூடாது.”

“கூப்பிட மாட்டோம் அத்தை.”

விமலன் கட்டத்தில் ‘பிரிட்டிஷ்’ என்று எழுதினான். 1936இல் பினாங்கில் பிறந்தவர், பெற்றவர் சீனரானாலும் வளர்த்தவர் தமிழரானாலும், பிறப்பாலேயே பிரிட்டிஷ் பிரஜை. 1957இல் மலாயா சுதந்திரம் அடைந்தபோதும் அந்த உரிமை போகவில்லை. பிறப்புப் பத்திரத்தோடு அப்பாவின் சத்தியப் பிரமாணத்தையும் சேர்த்து நாளை பிரிட்டிஷ் தூதரக அலுவலகத்தில் மனுப் போட்டால், வெள்ளிக்கிழமை காட்ட ரசீது இருக்கும்.