அப்பாவின் வழித்தடத்தில் இல்லாத கல்லூரி

பன்னாட்டு வணிகம் பயில விரும்பிய மகளுக்குக் கல்லூரி தேடும் பொறுப்பைப் பேருந்து ஓட்டுநரான தந்தை யாரும் கேளாமலே தம் தலைமேல் போட்டுக்கொண்டார். அன்று பிடித்தது அவளுக்குத் தலைவலி. பாடத்திட்டத்தை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஒரு கல்லூரியின் பிள்ளைகள் பேருந்தில் எவ்வாறு ஏறி இறங்குகிறார்கள் என்பதே அவரிடமிருந்த ஒரே அளவுகோல்.

மேம்பாலத்திற்கு அப்பாலுள்ள கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. அதை உறுதிசெய்யக் கடைசி நாள் வந்துவிட்டது; மாலை வரைதான் நேரம். அதற்கான இரகசிய எண்ணோ தந்தையின் கைபேசிக்கு வரும். அவர் அழைப்பை எடுக்காததால், வெயிலில் பணிமனைக்கே வந்து சேர்ந்தாள். ஓய்வறையில், எண்ணெய்க்கறை படிந்த நீள்பலகையில், அவர் நடத்துநருடன் தேநீர் அருந்திக்கொண்டிருந்தார்.

"அந்தக் காலேஜ் வேணாம்மா. பசங்க படிக்கட்டுல தொங்குறாங்க. ஒழுங்கா வண்டி ஏறத் தெரியாதவன் நாடு விட்டு நாடு போய் என்ன வியாபாரம் பண்ணப் போறான்?"

"அப்பா, அங்கதான் மூணாம் வருஷம் ஆறு மாசம் வெளிநாட்டுக்கு அனுப்பிப் படிக்க வைக்கிறாங்க. நீங்க சொல்ற காலேஜ்ல அது கிடையாது."

"நான் சொல்ற காலேஜ் பிள்ளைங்க வரிசையில நிக்கும். சில்லறை சரியா கொடுக்கும்."

"அது உங்க ரூட்ல இருக்கு. அதானே விஷயம்?"

நடத்துநருக்குத் தேநீர் புரையேறியது. "அண்ணே, வசமா மாட்டிக்கிட்டீங்க."

"நீ சும்மா இருய்யா."

அவளுக்குப் பொறுமை எல்லை கடந்தது. "ஏன் தொங்குறாங்கன்னு யாராவது கேட்டீங்களா? காலேஜ் விடுற நேரத்துக்கு உங்க டிப்போலேர்ந்து அந்தப் பக்கம் ஒரே ஒரு வண்டிதான் வருது. உள்ள நிக்க இடம் இருந்தா அவங்க ஏன்ப்பா தொங்கப் போறாங்க?"

தந்தை நடத்துநரைப் பார்த்தார்.

"பாப்பா சொல்றது நிஜம்தாண்ணே," என்றார் அவர், குவளைக்குள் பார்த்தபடி.

ஓட்டுநர் எழுந்தார். சட்டைப்பையிலிருந்து கைபேசியை எடுத்து நீட்டிவிட்டு, நேரக்காப்பாளரின் அறைக்குள் விடுவிடுவென நுழைந்தார். அவள் எண்ணைப் பதிந்தாள். இடம் உறுதியாயிற்று. பல வாரங்களுக்குப் பிறகு நிம்மதியாக மூச்சு விட்டாள்.

அந்த மூச்சு முடிவதற்குள் அவர் திரும்பி வந்துவிட்டார்.

"சாயங்காலம் அந்த ரூட்டுக்கு இன்னொரு வண்டி விடணும்னு எழுதிக் கொடுத்துட்டேன். ஓட்ட ஆள் இல்லைன்னாங்க. நான் ஓட்டுறேன்னு சொல்லிட்டேன். நீ முன் சீட்லயே உக்காந்து வரலாம்."

அவள் இரு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டு பலகையில் அமர்ந்தாள்.

"மூணாம் வருஷம் பாப்பா வெளிநாடு போயிடுமே," என்று நடத்துநர் கொளுத்திப்போட்டார். "அப்ப என்னண்ணே பண்ணுவீங்க?"

தந்தை தேநீரின் கடைசி மடக்கைக் குடித்து முடித்தார். வினா அவர் மனத்தில் ஆழமாகவே இறங்கியிருந்தது.

"ஏம்மா," என்றார் மகளிடம், "அங்க வண்டி ரோட்டுக்கு எந்தப் பக்கம் ஓடுது?"