பெயர் விழுந்த இடம்

சிங்கப்பூரின் ஜூரோங் கப்பல் பட்டறை வாசலில் அழகர்சாமி புது அட்டையைக் கழுத்தில் மாட்ட மறுத்துவிட்டார்.

"ரகுபதி எங்கப்பா பேரு. அவரு வேலைக்கு வரல, நான்தான் வந்திருக்கேன்."

அட்டையில் ரகுபதி கொட்டை எழுத்தில் இருந்தது. அழகர்சாமி கீழே பொடியாக. பின்னால் நின்ற இருநூறு பேர் கதையும் அதுதான்.

அட்டைக்கு நிரல் எழுதிய சந்திரமதி விஷயம் கேட்டு ஓடிவந்து, நின்றபடியே மடிக்கணினியைத் திறந்தாள். தப்பு அவளுடையதுதான். அவள் எழுதிய கணினி மொழியில் ஃபங்ஷன் என்கிற சின்னச் சின்னக் கட்டளைத் தொகுப்புகளைச் சங்கிலியாகக் கோக்கலாம். ஒன்றிலிருந்து வருவது அடுத்ததன் கடைசி இடத்தில் போய் விழும். சொந்தப் பெயரை அந்த வழியில் அனுப்பி, அப்பா பெயரை முன்னால் வைத்திருந்தாள். இரா. சந்திரமதி என்றே எழுதிப் பழகிய கைக்கு அதுதானே முறை! அட்டை ஃபங்ஷனோ சொந்தப் பெயரை முதலில் கேட்டது. இரண்டும் வெறும் எழுத்துகள் என்பதால் கணினி வாயே திறக்கவில்லை.

வரிசையை மாற்ற இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அழகர்சாமியின் போன் எண்ணை வாங்கிக்கொண்டு ஆங் மோ கியோவில் இருந்த தன் அலுவலகத்துக்குத் திரும்பினாள்.

அங்கே மேலாளர் ஜெய், பட்டறைக்கு அனுப்ப ஒரு கடிதம் தயாராக வைத்திருந்தார். தொழிலாளர்கள் படிவத்தைத் தவறாக நிரப்பிவிட்டார்களாம். ஞாயிற்றுக்கிழமை பாஸ்போர்ட்டோடு வரிசையில் நின்று, தவறு என்னுடையது என்று கையெழுத்துப் போட்டால் புது அட்டையாம். ஆறு நாள் உழைத்தவன், நம்மூர் ஆட்கள் கூடும் தேக்காவில் நாலு மனிதரைப் பார்க்கிற ஒரே நாள் அது.

"புரோகிராம திருத்தியாச்சுல்ல? இத உன் பேர்ல அனுப்பிடு லா."

"அவங்க ஃபார்ம சரியாத்தான் நிரப்பியிருக்காங்க சார். வரிசைய மாத்தினது நான்."

"அது நமக்குத் தெரியும், அவங்களுக்கு எதுக்கு? வெள்ளிக்கிழமை உன் புரொபேஷன் முடியுது. வாயக் கொடுத்து மாட்டிக்காத."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் செய்த தப்பாக இருந்தாலும் சங்கிலியின் கடைசியில் நிற்பவன் தலையில்தான் விழவேண்டுமா? கடிதத்தை மொத்தமாக அழித்தாள்.

'படிவங்கள் சரியானவை. பெயர்களை இடம் மாற்றியது என் நிரல். புது அட்டைகளை நாங்களே வாசலுக்குக் கொண்டுவருகிறோம்.' கீழே தன் பெயரைப் போட்டு, ஜெய் பார்க்கப் பார்க்க அனுப்பினாள்.

"ஐயோ, திரும்ப எடு!"

"மாட்டேன். வேணும்னா என்னை வேலையிலேர்ந்து எடுத்துடுங்க."

ஜெய்யின் மேசைமுன் நின்றபடியே போன் போட்டாள்.

"அழகர்சாமி அண்ணே, தப்பு என்னுது. ஞாயித்துக்கிழமை ஒருத்தரும் வரிசையில நிக்க வேணாம். கையெழுத்துப் போடச் சொல்லி யாராவது பேப்பர நீட்டினா, கிழிச்சுப் போடுங்க."