ஈரக் கை

ஜெபமாலை பாதி ஓடியிருந்தபோது ஆலிஸின் மடியில் கிடந்த போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். திரையில் அப்பாவின் சிரித்த முகம். அதன் கீழே, அவளே எழுதி வைத்திருந்த வரி: 'அப்பா உதவி கேட்கிறார்.'

அப்பா கஸ்பார் எதிரே பெட்டியில் படுத்திருந்தார். பிறந்தநாளுக்கு எடுத்த வெள்ளைச் சட்டை, கோத்த கைகளுக்கு நடுவே சின்னச் சிலுவை.

ஆலிஸ் எழுந்தாள். உட்கார்ந்திருந்த பெண்களின் கால்களைத் தாண்டி அப்பாவின் அறைக்குள் போனாள். முந்தின நாள் சாயங்காலம் அவரை வெளியே தூக்கி வந்ததிலிருந்து சாத்தியே கிடந்த குளியலறையின் கதவு இப்போது திறந்திருந்தது. உள்ளே பக்கத்து வீட்டு ஃபாத்திமா பதறிப்போய் நின்றிருந்தாள்.

"மூஞ்சி அலம்பலாம்னு வந்தேன் ஆலிசு. லைட்டு சுவிட்சுன்னு இதத் தொட்டேன், டிங்குன்னு இன்னாவோ கேட்டுச்சு. ஒடச்சிட்டனா?"

"இல்லக்கா. நல்லாத்தான் கீது. நீங்க போய் உக்காருங்க."

ஃபாத்திமா போனதும் கதவைத் தாழிட்டாள்.

குழாய்க்குப் பக்கத்தில், சாம்பல் நிற டைல்ஸோடு டைல்ஸாகப் பதிந்திருந்தது அந்தக் கறுப்புக் கண்ணாடி. உள்ளங்கை அகலம், ஒரு சாண் நீளம். மேடு இல்லை, பள்ளம் இல்லை. தொட்டால் ஓரத்தில் நீல வெளிச்சம் ஓடும், வீட்டிலுள்ளவர்களின் போன் அடிக்கும். அப்பாவுக்கு முதல் தடவை நெஞ்சுவலி வந்து பிழைத்த பிறகு வாங்கியது.

பாரிமுனைக் கடையில் இன்னொன்றும் இருந்தது. முஷ்டி பருமனுக்குச் சிவப்புப் பொத்தான், அதிலிருந்து தரை வரைக்கும் தொங்கும் கயிறு. இழுத்தால் தெருவுக்கே கேட்கும் மணி. அப்பா அதைத்தான் கையில் எடுத்துப் பார்த்தார். துறைமுகத்தில் முப்பத்தி நாலு வருஷம் கிரேன் ஓட்டியவர்.

"இத வாங்கலாமே ஆலிசு. கண்ணு இருட்டிக்கினு வந்தாலும் கைக்கு ஆப்டும்."

"ஐயே, ஆஸ்பத்திரி கக்கூஸ் மாதிரி கீதுப்பா. இப்பத்தான டைல்ஸ் மாத்துனோம்."

"உன் வூடு, உன் இஷ்டம்மா" என்று சிரித்துக்கொண்டே அதை இருந்த இடத்தில் வைத்துவிட்டார்.

ஆலிஸ் சுட்டுவிரலால் கண்ணாடியைத் தொட்டாள். டிங். நீல வெளிச்சம். கையிலிருந்த போன் அதிர்ந்தது. குழாயைத் திறந்து கையை நனைத்துக்கொண்டு மறுபடி தொட்டாள். ஒன்றும் வரவில்லை. அழுத்தினாள். முழு உள்ளங்கையையும் வைத்துத் தேய்த்தாள். கண்ணாடி கறுப்பாகவே இருந்தது.

அப்போதுதான் கண்ணில் பட்டது. அவள் கை படாத கீழ்ப்பாதியில் காய்ந்துபோன சோப்புத் தடங்கள். நாலு விரல்கள். அதற்குச் சற்றுக் கீழே இன்னொரு நாலு. கடைசித் தடம் கண்ணாடியைத் தாண்டி டைல்ஸில் இறங்கி, தரைக்கு ஒரு சாண் மேலே நின்றிருந்தது.

நேற்று சாயங்காலம் அவள் சமையலறையில் வஞ்சிரம் பொரித்துக்கொண்டிருந்தாள். பத்தடி தூரம். போன் பக்கத்திலேயே இருந்தது. அது அடிக்கவில்லை என்பதால் அவளும் போய்ப் பார்க்கவில்லை. இருபது நிமிஷம் கழித்து வந்து தட்டியபோது உள்ளே தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. "ஒரே செகண்ட்தான், கஷ்டமே இல்ல" என்றார் டாக்டர். ராத்திரி முழுக்க அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள்.

கதவு தட்டப்பட்டது.

"அக்கா, ஃபாதர் வந்துகினு கீறாராம். குளிச்சிட்டு வந்துடறேன்." தம்பி ஜெரி. மஸ்கட்டில் கப்பல் பழுது பார்க்கும் இடத்தில் வேலை. விமானத்திலிருந்து இறங்கி நேராக வந்திருந்தான், சட்டைகூட மாற்றவில்லை.

தாழைத் திறந்தாள். வெளிக் குளியலறைக்குப் போ என்று சொல்ல வாயெடுத்தாள்.

"அப்பா ஒண்ணும் கஷ்டப்படலல்லக்கா?" என்றான் அவன். காலையிலிருந்து இது நாலாவது தடவை.

ஆலிஸ் அவனை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினாள். தன் ஈரக் கையைக் கண்ணாடியில் வைத்துக் காட்டினாள். பிறகு அந்தத் தடங்களைக் காட்டினாள்.

ஜெரி குனிந்து பார்த்தான். நெடுநேரம் பார்த்தான்.

"கூப்ட்டுக்கீறாருடா. எத்தினி வாட்டின்னு தெரியல. கயிறு வெச்சதத்தான் கேட்டாரு. நான்தான் வேணான்னேன்."

"குளிக்கிற ரூமுல மாட்டறதுக்கு... காஞ்ச கைதான் வேணுமா?"

"புக்குல சின்ன எழுத்துல போட்டுக்கீது. படிச்சேன். படிச்சிட்டு டிராயர்ல வெச்சிட்டேன்."

அவன் குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தான். அவளைத் திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றிருந்தது.

"இத மாட்டினப்போ நீ போட்டோ அனுப்புனல்ல" என்றான் கடைசியில். "நான் இன்னா போட்டேன் தெரியுமா? 'செம லுக்கு'ன்னு போட்டேன். வேலையில கிளவுஸ் கையோட, கிரீஸ் கையோட இழுக்கறதுக்குன்னே அலாரம் மாட்டறவன் நானு. அதப் பாத்துட்டு செம லுக்குன்னு போட்டேன்."

பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியின் பக்கம் போனான். ஆலிஸ் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"தொடைக்காத."

"அக்கா..."

"இருக்கட்டும்டா."

நாலு மணிக்குப் பூசை முடிந்து பெட்டியை வண்டியில் ஏற்றினார்கள். ஜெரி முன்னால் நடந்தான். ஆலிஸும் கணவன் சாவியோவும் வண்டிக்குப் பின்னால் நடந்தார்கள். கல்லறைக்குப் போகும் கடற்கரைச் சாலையில் துறைமுகத்துக்குள் போகக் காத்திருந்த கன்டெய்னர் லாரிகள் கண்ணுக்கெட்டிய மட்டும் நின்றிருந்தன. எல்லாம் உறுமிக்கொண்டிருந்தன. வண்டி நகர முடியாமல் நின்றது. வழி விடச் சொல்லிக் கேட்க சாவியோ முன்னால் போனார்.

அதற்குள் முதல் லாரியின் டிரைவர் பெட்டியைப் பார்த்துவிட்டான். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, என்ஜினை அணைத்தான். அவனைப் பார்த்துப் பின்னால் இருந்தவன் அணைத்தான். அதற்குப் பின்னால் இருந்தவனும். சத்தம் ஒவ்வொன்றாக அடங்கிக்கொண்டே போயிற்று.

கரையில் கொட்டியிருந்த கற்களுக்கு அந்தப் பக்கம் அலை அடிப்பது இப்போது கேட்டது. ஆலிஸ் கேட்டபடி நின்றாள்.