ஒற்றைக் கண் சிமிட்டிய கார்

"லைட்ட மினுக்கி என் பொண்ணு நிச்சயத்தயே திருப்பி அனுப்பிட்ட. இப்ப கையில ஸ்பேனரோட நிக்கிறியே, என்னத்த அழிக்கப் பாக்குற?"

ரொபியாவின் குரல் கோடி வீடு வரைக்கும் கேட்டது. ஷுக்ரி தன் வெள்ளைக் காரின் பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு, இடது பக்க விளக்கின் பின்னால் பாதி உடம்பை நுழைத்திருந்தான். தலையை மட்டும் வெளியே எடுத்தான். அத்தை முறைக்கு மாச்சிக் என்றுதான் அவளைக் கூப்பிடுவான்.

"மாச்சிக், நான் எதையும் அழிக்கல. ஒயர் சரியா பிடிக்கல, அதப் பாத்துட்டு இருக்கேன்."

"நேத்து பிடிக்காத ஒயரு இன்னைக்கு விடிஞ்சதும் உனக்கு ஞாபகம் வந்துச்சாக்கும்."

நான் என் வேலி ஓரம் பாண்டான் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். முந்தின நாள் மழையில் அது ஏற்கெனவே மூழ்கித்தான் கிடந்தது, இருந்தாலும் ஊற்றினேன். வேலியின் அந்த மூலையில் நின்றால்தான் ஷுக்ரி வீட்டு வாசல் முழுசாகத் தெரியும்.

ரொபியாவின் கோபத்தில் நியாயம் இருந்தது. அவள் மகள் வர்தினாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் நிச்சயம். மாப்பிள்ளை ஃபைருஸ், சுங்கை பட்டாணிக்காரன், தூரத்து ஊர்களுக்குப் போகும் விரைவு பஸ் ஓட்டுகிறவன். அவன் பக்கத்துப் பெரியவர்கள் வெற்றிலைத் தட்டும் மோதிரமுமாக மூன்று காரில் வருவதாக ஏற்பாடு. நெய்ச்சோறு ஆக்கி, ரெண்டாங் கறி இறக்கி, புளுட் என்கிற மஞ்சள் ஒட்டரிசிச் சோற்றைத் தட்டில் அச்சாக அமுக்கி வைத்திருந்தோம். இமாம் வந்து உட்கார்ந்தாயிற்று. ரொபியாவின் அண்ணன் ஈப்போவிலிருந்து வந்து, வழக்கம்போல முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நாற்காலி பிடித்துவிட்டார். ரோஸ் சிரப்புக்கு ஐஸ் போதவில்லை என்றதும் ரொபியாவேதான் ஷுக்ரியைக் கூப்பிட்டு டவுனுக்குப் போய்வரச் சொன்னாள். இதை அவள் பிறகு ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. நான்தான் சொல்கிறேன்.

வானம் கறுத்திருந்ததால் ஷுக்ரி விளக்கைப் போட்டுக்கொண்டு போனான். அது அவன் புதிதாக மாட்டிய எல்.இ.டி. விளக்கு. கடைக்காரனுக்குக் கூலி கொடுக்க மனசில்லாமல், போனில் வீடியோ பார்த்துத் தானே மாட்டியது. பழைய மஞ்சள் விளக்கு எரிந்த இடத்தில் ஆஸ்பத்திரி வெளிச்சம் மாதிரி ஒரு வெள்ளை. வாய்க்கால் பாலத்தில் ஏறும்போது மழை கொட்டத் தொடங்கிவிட்டது, அந்தப் பக்கத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டுக் கார்கள் வந்தன. ஷுக்ரியின் கார் விளக்கு பளிச் பளிச்சென்று மின்னியது.

எங்கள் பக்கத்தில் எதிரே வருகிற கார் விளக்கை மினுக்கினால் ஒரே அர்த்தம்தான். முன்னால் போலீஸ் நிற்கிறது. பாலத்தைத் தாண்டி அரிசி ஆலை முக்கில் அவர்கள் அடிக்கடி நிற்பார்கள். யாரோ முகம் தெரியாதவனுக்கு நாம் செய்கிற உபகாரம் அது. ஹெல்மெட் இல்லாதவனும் ரோட் டேக்ஸ் கட்டாதவனும் உடனே வண்டியைத் திருப்பி வயல் பாதையில் இறங்கிவிடுவான். அன்றைக்கு முதல் காரை ஓட்டிவந்த ஃபைருஸ் அப்படித்தான் திரும்பினான், மற்ற இரண்டு காரும் அவன் பின்னாலேயே திரும்பின. வயல் பாதையில் நெல் அறுக்கிற மெஷின் ஒன்று அகலமாக நின்றிருந்தது. முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல், மழையில் தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் வந்து சேர்ந்தபோது மஃரிப் தொழுகை முடிந்து இமாம் போய்விட்டார். ஈப்போ அண்ணன் அவருக்கு முன்னாலேயே போய்விட்டார். அவமானமாகிவிட்டதாம். வந்தவர்கள் காரைவிட்டு இறங்கவே இல்லை. கண்ணாடியை இறக்கி நாலு வார்த்தை, அவ்வளவுதான். மோதிரம் திரும்பிப் போயிற்று.

மாப்பிள்ளையை மறித்தது ஒரு வெள்ளைக் கார் என்பது வரைக்கும் அன்று ராத்திரியே தெரிந்துவிட்டது. யாருடைய கார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் தமான் குடியிருப்பில் அந்த நிறத்தில் எரிகிற விளக்கு ஒன்றுதான்.

ஷுக்ரிக்குக் காரணமும் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் அம்மா, வர்தினாவைக் கேட்டு ரொபியாவிடம் வந்தாள். பிள்ளை இன்னும் படிக்கிறாள் என்று ரொபியா சிரித்துக்கொண்டே அனுப்பிவைத்தாள். அடுத்த மாசமே பஸ் டிரைவர் சம்பந்தத்தைப் பேச ஆரம்பித்துவிட்டாள். படிப்பு எங்கே போயிற்று என்று ஷுக்ரியின் அம்மா என்னிடம் கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும் என்றேன். தெரியாமல் இல்லை.

"சரி," என்றாள் ரொபியா அன்று காலை. "தானா மின்னுதுன்னு சொல்றல்ல? இப்ப மின்ன வச்சுக் காட்டு."

ஷுக்ரி விளக்கைப் போட்டான். இரண்டும் ஆடாமல் அசையாமல் எரிந்தன. காரை எடுத்து எங்கள் தெரு வேகத்தடைகளில் ஏற்றி இறக்கினான். அப்போதும் ஒன்றும் இல்லை. அதற்குள் வாசல்களில் ஆள் சேர்ந்துவிட்டது.

"இப்பதான் சரி பண்ணினேன், மாச்சிக். எர்த் ஒயர பெயிண்ட் மேலயே முடுக்கிட்டேன். பெயிண்ட சுரண்டிட்டு இரும்புல முடுக்கணும். இல்லாட்டி குலுங்கும்போது விட்டு விட்டுப் பிடிக்கும். பழைய பல்புக்கு அது தெரியாது, இது உடனே மின்னும்."

"சரி பண்ணிட்டு வந்து, சரியா எரியுது பாருங்கன்றான். காக் சோம், நீங்க கேட்டீங்களா இத?"

அக்கா என்று என்னையும் கூப்பிட்டுவிட்டாள். நான் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு, திரும்பக் கெடுத்துக் காட்டச் சொல்லலாமே என்றேன்.

ஷுக்ரி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "கெடுத்துக் காட்டினா, கெடுக்கத் தெரிஞ்சவன்தானே அன்னிக்கும் கெடுத்தான்னு சொல்வீங்க, காக்."

அதுவும் சரிதான். அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

அந்த வாரம் முழுக்க ரொபியா வீட்டுக்கும் சுங்கை பட்டாணிக்கும் போன் பறந்தது. கடைசியில் மாப்பிள்ளை வீட்டார் இறங்கி வந்தார்கள். திரும்ப வருகிறோம், ஆனால் விளக்கை மினுக்கியவன் எல்லார் முன்னாலும் ஒத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்க வேண்டும். இல்லையென்றால் இந்தத் தமானில் பெண் எடுப்பதில்லை. வர்தினாவின் நிச்சயம் இப்போது ஷுக்ரியின் நாக்கில் தொங்கியது. ஒரு வார்த்தை பொய் சொன்னால் அவளுக்குக் கல்யாணம், அவனுக்குக் காலத்துக்கும் கெட்ட பெயர். அவன் அம்மா, சொல்லித் தொலை என்று அழுதாள். அவன் சாப்பாட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனானாம்.

நான் அவனை நம்பினேனா என்று கேட்டால், முழுசாக இல்லை. தமான் பையன்களின் மோட்டார் சைக்கிளுக்கெல்லாம் விளக்கு மாட்டிக் கொடுத்தவன் அவன். அவனுக்குத் தெரியாதா பெயிண்டைச் சுரண்ட வேண்டும் என்று? மழையில் அவசரமாக மாட்டினேன் என்றான். அவசரம் எதற்கு என்றதும் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டான். வர்தினாவோ ஜன்னல் திரையை விலக்கி அவன் காரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது கோபமா வேறு ஏதாவதா என்பது என் வேலியிலிருந்து தெரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். இந்தத் தடவை ஒரே கார். ஃபைருஸின் பெரியம்மா, அவன் தங்கை ஹஸ்லிண்டா, கூட ஃபைருஸும் வந்திருந்தான். நிச்சயத்தன்று கார் ஓட்டி வந்தாலும் மாப்பிள்ளை வீட்டுக்குள் வரும் வழக்கமில்லை. விசாரணைக்கு வரலாம் போலிருக்கிறது. ரொபியா வீட்டு முன் கூடத்தில் பாய் விரித்து எல்லாரும் உட்கார்ந்தோம். நான் வாழைப்பழத்தைப் பொரித்த பிஸாங் கோரெங் தட்டோடு போனதால் எனக்கும் இடம் கிடைத்தது.

ஷுக்ரி உள்ளே வரவில்லை, வாசல்படியிலேயே நின்றான்.

"மன்னிப்புக் கேக்குறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு என் காரப் பாத்தவங்க யாராவது சொல்லுங்க. ரெண்டு லைட்டும் மின்னிச்சா, ஒண்ணு மட்டுமா?"

ஃபைருஸ், அதெல்லாம் யார் பார்த்தது என்று ஆரம்பித்தான். இரண்டாவது காரில் முன் சீட்டில் உட்கார்ந்து வந்த ஹஸ்லிண்டா, வாயிலிருந்த பிஸாங்கை விழுங்கிவிட்டுச் சொன்னாள்.

"ஒண்ணுதான். ஓரத்துப் பக்கம் இருக்கறது, பாலக் கைப்பிடிச் சுவரு பக்கம். ஒத்தக் கண்ணடிக்கிற மாதிரி இருந்துச்சு. நான் சிரிச்சேன், பெரியம்மாகிட்ட சொன்னேன்கூட."

பெரியம்மா ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

ஓரத்துப் பக்கம் என்றால் காரின் இடது பக்கம். அதைத்தான் ஷுக்ரி அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நோண்டிக்கொண்டிருந்தான். நான் பார்த்தேன், ரொபியாவும் பார்த்தாள். சுங்கை பட்டாணியில் இருப்பவள் பார்க்கவில்லை.

ஷுக்ரி எல்லாரையும் வெளியே வரச் சொன்னான். முதலில் உள்ளே உட்கார்ந்து கையால் லிவரை இழுத்துக் காட்டினான். இரண்டு கண்ணும் ஒன்றாக மின்னின. அதில் ஒன்றை மட்டும் மினுக்க யாராலும் முடியாது. பிறகு இடது பக்க ஒயரை எல்லார் எதிரிலும் கழற்றி, பழையபடி பெயிண்ட் மேல் வைத்து முடுக்கி, தெரு மேட்டில் ஏற்றினான். இடது கண் மட்டும் துடித்தது. கோடி வீட்டு ஆள் ஒருவன் மோட்டார் சைக்கிளில் ஹெல்மெட் இல்லாமல் எதிரே வந்தவன், அதைப் பார்த்ததும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். அதற்கு எல்லாரும் சிரித்தோம். ரொபியாகூட உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம். பெரியம்மா மோதிரப் பெட்டிக்காகக் கைப்பைக்குள் கையையும் விட்டுவிட்டாள். அப்போதுதான் வர்தினா வாசலுக்கு வந்தாள். அவள் குரலை உயர்த்தவில்லை.

"அபாங் ஃபைருஸ், லைட்டு தானா மின்னிச்சு. யாரு மேலயும் தப்பில்ல. ஆனா போலீஸ் நிக்குதுன்னா உங்களுக்கு என்ன? நீங்க ஏன் திரும்பினீங்க?"

அந்த ஒரு வாரமும் எங்களில் ஒருத்திக்குக்கூட இது தோன்றவில்லை. எதிர்க் கார் மினுக்கினால் திரும்புவது எங்களுக்கு அவ்வளவு பழகிப்போயிருந்தது.

ஃபைருஸ், நேரமாகிவிட்டது, போலீஸ் நிறுத்தினால் இன்னும் தாமதம் என்றான். வயல் பாதை அதைவிடச் சுற்று என்று எல்லாருக்கும் தெரியும். பெரியம்மா அவன் பக்கம் திரும்பினாள். பாலம் அடைத்திருக்கிறது என்றல்லவா எங்களிடம் சொன்னாய் என்றாள்.

"லைசென்ஸக் காட்டுங்க," என்றாள் வர்தினா.

அவன் சட்டைப்பையைத் தொட்டான், எடுக்கவில்லை. ஹஸ்லிண்டா தரையைப் பார்த்தபடியே அண்ணனிடம் சொன்னாள்.

"காட்டிடு அபாங். இல்லாட்டி இல்லன்னு சொல்லிடு. எத்தன நாளைக்கு நான் வாய மூடிட்டு இருக்கறது?"

லைசென்ஸ் நோன்புப் பெருநாளுக்கு முன்னாலேயே பறிபோயிருந்தது. சம்மன் மேல் சம்மன். பஸ் கம்பெனி வேலையும் அதோடு போயிற்று. தினமும் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்பி, சிநேகிதன் ஒருவனுடைய டயர் கடையில் உட்கார்ந்திருந்திருக்கிறான். கல்யாணம் முடிந்ததும் சரியாகிவிடும் என்று நினைத்தானாம். ரொபியா, லைசென்ஸ்தானே, திரும்ப எடுத்துக்கொள்ளலாமே என்றுகூடச் சொல்லிப் பார்த்தாள். விட மனசில்லை அவளுக்கு, நெய்ச்சோறு செலவு அப்படி.

வர்தினா, லைசென்ஸை வேண்டுமானால் திரும்ப எடுக்கலாம் என்றாள். நேரே உள்ளே போய், முதல் தடவை பெண் கேட்டு வந்தபோது அவர்கள் போட்ட சின்ன மோதிரத்தைக் கைக்குட்டையில் வைத்துப் பெரியம்மாவிடம் கொடுத்துவிட்டாள். பெரியம்மா வாங்கிக்கொண்டாள். யாரும் யாரையும் திட்டவில்லை. பிஸாங் கோரெங் பாதித் தட்டு மிச்சம்.

ஷுக்ரி அன்று சாயங்காலம் பெயிண்டைத் திரும்பச் சுரண்டி, ஒயரை இரும்பில் வைத்து முடுக்கி, மேலே கிரீஸ் தடவினான். ரொபியா வேலிக்கு வந்து நின்று, உன் பேச்சை நம்பாதது தப்புதான் என்று சொன்னதாகக் கேள்வி. நான் அப்போது குளித்துக்கொண்டிருந்தேன். தெருவில் முக்கியமானது எதுவும் நான் குளிக்கும்போதுதான் நடக்கிறது.

இனிமேல் வர்தினாவும் ஷுக்ரியும்தான் என்று தெருவில் எல்லாரும் முடிவு கட்டினோம். இரண்டு பேருமே எங்களைக் கேட்கவில்லை. வர்தினா சிரம்பானில் ஒரு பல் டாக்டர் கிளினிக்கில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். அங்கேயே மருந்துக் கடைக்காரன் ஒருவனைக் கட்டிக்கொண்டாள். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதாம் அவனுக்கு, அவள்தான் ஓட்டுகிறாள். ஃபைருஸ் லைசென்ஸைத் திரும்ப எடுத்துவிட்டு குவாந்தான் பக்கம் பஸ் ஓட்டுகிறான். ஈப்போ அண்ணன் இன்னும் அவமானத்திலேயே இருக்கிறார்.

ஷுக்ரி ஹஸ்லிண்டாவைக் கட்டினான். சாட்சி சொன்னதற்கு நன்றி சொல்லப் போன் பண்ணினேன், அப்படியே பேச்சு வளர்ந்தது என்கிறான். எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் போகவில்லை. கொட்டுகிற மழையில், இரண்டாவது காரிலிருந்து, எந்தப் பக்க விளக்கு என்று அவ்வளவு சரியாக ஒருத்திக்குத் தெரியுமா? அந்தப் போன் சாட்சிக்குப் பிறகு போனதா, முன்னாலா? ஹஸ்லிண்டாவிடம் ஜாடையாகக் கேட்டுப் பார்த்தேன். "காக் சோம், உங்க பாண்டான் செடி அழுகிடும், தண்ணி ஊத்தினது போதும்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

புதுப்பெண்ணாக அவள் அந்த வெள்ளைக் காரில்தான் எங்கள் தெருவுக்கு வந்து இறங்கினாள். வேகத்தடையில் ஏறும்போது நான் வாசலிலேயே நின்று பார்த்தேன். இரண்டு கண்ணும் ஒழுங்காகத்தான் எரிந்தன.