வளைவில் நிற்க ஓர் ஆள்

1

ஒரு மனிதர் ஓடியதைப் பார்த்ததில் பிறந்த கதை இது. எங்கள் தெருமுனை மைதானத்தில் ரிமோட் கார்ப் பந்தயத்துக்கென்று மண்ணைக் குவித்துத் தடம் போட்டிருக்கிறார்கள். ஒரு காலையில் அங்கே அவர் மட்டும் இருந்தார். ஓட்டுபவர்களுக்கான மேடையில் நின்று காரை ஓட்டினார்; ரிமோட்டும் கையுமாகக் கடைசி வளைவுக்கு ஓடினார்; குனிந்து மண்ணைப் பார்த்தார்; மறுபடி மேடைக்கு ஓடினார். நடைப்பயிற்சிக்குப் போன நான் முதலில் சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

எழுத உட்கார்ந்தேன். ‘தனிமை என்பது ஒரு

அது அப்படியே கிடக்கட்டும். அவர் அப்படியெல்லாம் யோசிக்கிற ஆள் இல்லை.

2

அவரை மருந்துக்கடைக்காரர் ஆக்கினேன். நாள் முழுக்க ஜனம் வந்துபோகும். யாரும் நின்று பேசமாட்டார்கள். அவருக்கு ஒரு தங்கை. தங்கையின் கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். ஆண்கள் இருவரும் ஒருவரையொருவர் மச்சான் என்றே கூப்பிட்டுக்கொண்டார்கள். கார் இருவருக்கும் பொது. மருந்துக்கடைக்காரர் ஓட்டுவார், லிஃப்ட்காரர் வளைவில் நிற்பார். மேடையிலிருந்து பார்த்தால் கார் உள்ளங்கை அளவுதான். பின்சக்கரம் எங்கே தரையை விடுகிறது என்பது பக்கத்தில் நிற்பவருக்குத்தான் தெரியும்.

பிறகு தங்கை பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

(ஏன் வந்தாள் என்று ஒரு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன். அண்ணனிடமே அவள் சொல்லவில்லை. எனக்கு மட்டும் எப்படித் தெரியும்?)

அவள் சொன்னது ஒன்றுதான்: “அவரோட நீ பேச்சு வச்சுக்கிட்டா, நான் வேற இடம் பாத்துக்கறேண்ணா.”

அவளுக்கு வேறு போக்கிடம் கிடையாது. அண்ணன் சரி என்றார்.

3

கார் கெட்டுப்போகவில்லை. கடைசி வளைவில் மட்டும் பின்பக்கம் வெட்டிக்கொண்டு சுற்றியது. பின் ஸ்ப்ரிங்குகளைக் கழற்றி மென்மையானதைப் போட்டார். கார் குந்தி உட்கார்ந்துகொண்டு, திருப்பினால் திரும்ப மறுத்தது. பழையதையே மாட்டினார். குலுக்கலைத் தாங்கும் ஷாக்கின் மேல்நுனியை ஒரு துளை உள்ளே தள்ளி மாட்டிப் பார்த்தார். ஒரு சுற்று ஒழுங்காக வந்து அடுத்ததில் கவிழ்ந்தது. செல்போனை வளைவில் கல்லில் சாய்த்து வைத்துப் படம் எடுத்தார். படத்தில் புழுதிதான் இருந்தது.

[இங்கே அவர் லிஃப்ட்காரருக்கு போன் செய்வதாக எழுதினேன். எடுத்ததும் என்னவென்று கூப்பிடுவார்? மச்சான் இப்போது செல்லாது. பெயர் சொல்லிப் பழக்கமில்லை. ‘ஹலோ, நான்தான்’ என்பதற்கு மேல் அந்த வாக்கியம் நகரவில்லை. மருந்துக்கடைக்காரரும் போன் செய்யவில்லை.]

4

கதைக்கு வசதியாக ஆள் வந்து நிற்பது எனக்குப் பிடிக்காது. ஆனால் லிஃப்ட்காரருக்கும் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று வருகிறதே. வீட்டில் பேச்சுத்துணைக்கு ஆளில்லாதவர் வேறு எங்கே போவார்?

வந்தார். மேடைப் பக்கம் திரும்பாமல் நேரே கடைசி வளைவுக்குப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மருந்துக்கடைக்காரர் பார்த்தும் பாராததுபோல் ஓட்டினார். கார் சுற்றி, லிஃப்ட்காரரின் காலடியில் போய்க் கவிழ்ந்தது. அவர் அதை நிமிர்த்தி, பின்பக்கத்தை உள்ளங்கையால் அமுக்கி விட்டுப் பார்த்தார்.

“ஸ்ப்ரிங்கப் போட்டு ஏன் வதைக்கறீங்க? ஷாக் எண்ணெய் கெட்டியா இருக்கு. மேட்டுல அமுங்கின சக்கரம் திரும்ப எறங்கறதுக்குள்ள வளைவு வந்துடுது.”

இத்தனை வருஷமும் ‘நீ’. இப்போது ‘நீங்க’.

மருந்துக்கடைக்காரர் மேடையிலிருந்து இறங்கி வந்து காரின் பக்கத்தில் உட்கார்ந்தார். தங்கைக்கு வாக்குக் கொடுத்தது பேசமாட்டேன் என்றுதான், காதில் வாங்கமாட்டேன் என்றில்லையே என்று மனசுக்குள் வக்கீல் வாதம் நடத்திக்கொண்டார். ஷாக்குகளைக் கழற்றிப் பழைய எண்ணெயை வடித்து, நீர்த்த எண்ணெயை ஊற்றினார். காற்றுக்குமிழிகள் மேலே வந்து உடையும்வரை காத்திருக்க வேண்டும். லிஃப்ட்காரரும் எதிரே குந்தி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ராத்திரில அவ தூங்கறாளா?” என்று கேட்டார்.

மருந்துக்கடைக்காரர் தலையை ஆட்டினார். அது ஆமாவா இல்லையா என்று எனக்கும் பிடிபடவில்லை.

அதன்பின் கார் மேட்டில் ஏறி இறங்கி, பின்சக்கரங்கள் மண்ணை விடாமல் வளைவைச் சுற்றி வந்தது. மறுபடியும் வந்தது. மருந்துக்கடைக்காரர் நிறுத்தவே இல்லை. நிறுத்தினால் ஏதாவது சொல்லியாக வேண்டும்.

5

பேட்டரி தீர்ந்தது. லிஃப்ட்காரர் காரை எடுத்து வந்தார். “அடுத்த வாரமும் வளைவுல ஆள் வேணுமா?”

முதலில் ‘வா மச்சான்’ என்று சொல்லவைத்தேன். அன்று சாயங்காலமே தங்கை வேறு யாரோ வீட்டு அறையில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு ‘வேண்டாம்’ என்று சொல்லவைத்தேன். வீட்டுக்குப் போய் அதை அவளிடம் சொன்னார். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தார். அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இரண்டையும் அடித்துவிட்டேன். எப்படி எழுதினாலும் மூன்று பேரும் தனித்தனி அறையில்தான் போய் உட்காருகிறார்கள். அவர்களில் இரண்டு பேரையாவது ஒரே அறையில் உட்காரவைக்க உங்களால் முடியுமென்றால் எழுதுங்கள். நான் குறுக்கே வரமாட்டேன்.

மருந்துக்கடைக்காரர் காரை வாங்கக் கை நீட்டியிருக்கிறார். லிஃப்ட்காரர் இன்னும் பிடியை விடவில்லை.