பொட்டு வைத்த சாக்கெட்

கை கழுவிவிட்டுத் திரும்பி வருவதற்குள் என் ஸ்பேனர் பெட்டியைக் காணோம்.

காரின் முன்சக்கரம் கழன்று வாசலில் கிடந்தது. விடிந்ததிலிருந்து குனிந்து குனிந்து என் முதுகு விட்டுப்போயிருந்தது. ஒரே ஒரு நட்டை முறுக்க வேண்டியதுதான் பாக்கி. சக்கர அச்சின் அந்தப் பெரிய நட்டுக்கு, அதன் மேல் தொப்பி போலக் கவிழ்த்து முறுக்கும் இரும்புக் குழல், முப்பத்திரண்டாம் நம்பர் சாக்கெட் வேண்டும். சாக்கெட் பெட்டியில் இருந்தது. பெட்டி இல்லை.

"என்னங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் எழுந்து நின்றது. என் கணவர் வசந்தன் வீட்டிலேயே இல்லை. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து லெட்சுமி அக்காதான் சொன்னார்.

"வசந்தன் தம்பி கோயிலுக்குக் கொண்டு போயிருச்சிம்மா. ஆயுத பூஜை இல்ல? உன் சாமானும் சாமிகிட்ட இருக்கட்டும்னு சொல்லிட்டுப் போச்சி."

வருஷம் முழுக்க அந்தப் பெட்டியைத் தொட்டுக்கூடப் பார்க்காத மனுஷர். பக்தி வருவதற்கு இன்றைக்குத்தானா நேரம் பார்த்தார்?

என் அவசரம் இதுதான். என் தங்கை புனிதா லாபு ஊருக்கு உள்ளே வேறொரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறாள். அவள் புருஷன் ரவிச்சந்திரன் அவளை அடிக்கிறான். கை நீட்டுகிறான், கோபக்காரன் என்றெல்லாம் ஊர் பூசி மெழுகும். எனக்கு மெழுகத் தெரியாது. அடிக்கிறான். போன வருஷம் அவள் என் வீட்டுக்கு ஓடி வந்தபோது, கோயில் தலைவர் சத்தியசீலன் கமிட்டி ஆட்களோடு வந்து எங்கள் ஹாலில் உட்கார்ந்து, நான் போட்ட தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "குடும்பம்னா நாலும் இருக்கும்" என்று பேசி அவளை அதே வீட்டில் கொண்டுபோய் விட்டார். போலீஸ் ரிப்போர்ட்டையும் திரும்ப வாங்க வைத்தார். அதற்குப் பிறகு அவன் அவளை முகத்தில் அடிப்பதில்லை. வெளியே தெரியாத இடமாகப் பார்த்து அடிக்கிறான். சமாதானம் பேசியதில் கிடைத்த லாபம் அவ்வளவுதான்.

நேற்று புனிதா போன் செய்தாள்.

"அக்கா, நாளைக்கு அவரு உங்க கோயில் பூஜைக்கு வந்துருவாரு. சாப்பாடெல்லாம் முடிஞ்சிதான் திரும்புவாரு. அதுக்குள்ள வந்து என்னயும் பிள்ளயயும் கூட்டிக்கிட்டுப் போயிரு. இந்தத் தடவ விட்டா எனக்குத் தைரியம் வராதுக்கா."

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். கார் வர வேண்டுமே! எங்கள் பழைய புரோட்டோன் சாகா கார் வளைவில் திரும்பும்போதெல்லாம் ஒரு மாதமாகக் 'கடக் கடக்' என்று கடித்துக்கொண்டிருந்தது. சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் முனையில் ஒரு மூட்டு இருக்கிறது. அதைப் போர்த்தியிருந்த ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் வெளியே தெறித்து, செம்மண் உள்ளே புகுந்துவிட்டது. எண்ணெய்க்கான செம்பனைக் குலைகளை ஏற்றும் லாரிகள் உழுது போட்ட அந்தத் தோட்டத்துச் சாலையில் மூட்டு உடைந்து கார் நின்றால், கைக்குழந்தையோடு புனிதா நடுவழியில் நிற்பாள். பின்னால் அவன் லாரி வரும். சாலையை உழுகிற லாரிகளில் அவனுடையதும் ஒன்று.

புது உறையும் கிரீஸும் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தேன். நிலாயில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பராமரிப்பு வேலை பார்க்கிறவள் நான், கிரீஸ் எனக்குச் சந்தனம் மாதிரி. விடிந்ததும் ஜாக்கி போட்டேன். மூட்டைச் சுத்தியலால் தட்டிக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவினேன். உள்ளே இருந்த குண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எதிலும் குழி விழவில்லை. பிழைத்தோம் என்று பெருமூச்சு விட்டேன். புது கிரீஸை விரலால் இண்டு இடுக்கெல்லாம் திணித்து, புது உறையைப் போட்டுக் கிளிப்பை இறுக்கி, எல்லாவற்றையும் சேர்த்துப் பூட்டி, நட்டைக் கையால் சுற்றி வைத்துவிட்டுத்தான் கை கழுவப் போனேன். கையால் சுற்றிய நட்டை நம்பி ஓட்டினால் கார் ஒரு பக்கமும் சக்கரம் ஒரு பக்கமும் போகும்.

செருப்பை மாட்டிக்கொண்டு கோயிலுக்கு நடந்தேன். எங்கள் மோட்டார் சைக்கிளும் அங்கேதான் நின்றது, வாழைக்கன்று கட்டி, சந்தனம் தெளித்து. ஊரிலுள்ள கார், வேன், லாரி எல்லாம் பூஜைக்காக வரிசையில் நின்றன. முதல் வண்டி ரவிச்சந்திரனுடைய லாரி. இருப்பதிலேயே பெரிய மாலை அதற்குத்தான் போட்டிருந்தார்கள். பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உள்ளே மாரியம்மன் முன்னால் ரப்பர்ப் பால் வெட்டும் கத்தி, செம்பனைக் குலை அறுக்கும் அரிவாள், ரம்பம், யாரோ ஒருவருடைய லேப்டாப் என்று பரப்பி வைத்திருந்தார்கள். நடுவில் என் பெட்டி. என் சாக்கெட்டை ஒரு வாழையிலைத் துண்டில் உட்கார வைத்து, சந்தனம் பூசிக் குங்குமப் பொட்டு வைத்திருந்தார்கள்.

"தலைவரே, என் சாக்கெட்டும் கைப்பிடியும் மட்டும் வேணும். வேலய முடிச்சிட்டுக் கொண்டாந்து வெச்சிர்றேன்."

சத்தியசீலன் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அதெப்படிம்மா? ஆயுதத்துக்கெல்லாம் ஓய்வு குடுக்கிற நாளு. வெச்சது வெச்சதுதான். நாளைக்குக் காலையில வந்து எடுத்துக்க."

"என்னயக் கேட்டா வெச்சாங்க?"

"புருஷன் வெச்சா பொண்டாட்டி வெச்ச மாதிரிதான்."

கமிட்டி சிரித்தது. என் கணவர் தூணோடு ஒட்டி நின்று, "குமுதா, நாளைக்குச் செஞ்சிக்கலாம்லா. கார் எங்க ஓடிப்போவப் போவுது?" என்றார். அவரிடம் நான் எதையும் சொல்லியிருக்கவில்லை. அவர் வாயில் ரகசியம் தங்காது.

"அப்ப யாராவது ஒரு கார் குடுங்க. போயிட்டு வந்துர்றேன்."

"பூஜைக்கு நிக்கிற வண்டிய எப்படிம்மா எடுக்கிறது? அப்படி எங்கதான் போவணும்?"

அந்தக் கேள்விக்குத்தான் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கேட்டவருக்கு இரண்டடி தள்ளி, வெள்ளை வேட்டியும் நெற்றி நிறைய திருநீறுமாக, கற்பூரத் தட்டை ஏந்திக்கொண்டு ரவிச்சந்திரன் நின்றான். தோட்டம் வேறானாலும் அவன்தான் எங்கள் கோயில் பொருளாளர். அந்தக் கையால்தான் தட்டு ஏந்துகிறான். அந்தக் கையைத்தான் எல்லாரும் தொட்டுத் திருநீறு வாங்குகிறார்கள். நான் நிமிர்ந்து அம்மனைப் பார்த்தேன்.

"தலைவரே, எல்லா ஆயுதத்துக்கும் இன்னிக்கி ஓய்வுதானே?"

"ஆமா."

"அப்ப அம்மா கையில இருக்கிற சூலத்த மட்டும் ஏன் வாங்கி வெக்கல?"

மேளக்காரர்கூடத் தட்டுவதை நிறுத்திவிட்டார். பூசாரி முருகையா குனிந்து விளக்குத் திரியைத் தூண்டினார். அது நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

"அவ சாமிம்மா!" என்றார் தலைவர்.

"அவளும் பொம்பளதான். அவளுக்கு இன்னிக்கி வேல இருக்கு, அதான் கையில வெச்சிருக்கா. எனக்கும் வேல இருக்கு."

தலைவர் முகம் சிவந்து வாயைத் திறந்தார். அதற்குள் ரவிச்சந்திரன் தட்டைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தான்.

"குடுத்துருங்க தலைவரே. நல்ல நாளும் அதுவுமா பொம்பளைங்க மனசு நோவக் கூடாது" என்றான், கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி. "தங்கமான பிள்ள" என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். அவனே குனிந்து சாக்கெட்டையும் கைப்பிடியையும் எடுத்து என்னிடம் நீட்டினான். "இந்தாங்க அண்ணி. பாத்து, நல்ல சேலையில கிரீஸ் படப் போவுது." நான் கட்டியிருந்தது சேலையே இல்லை, தொழிற்சாலை காற்சட்டை. அதற்கும் சிரித்தார்கள்.

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். "ரொம்ப நன்றி தம்பி" என்றேன். மனசார நன்றி சொல்வது என்பார்களே, அது அன்றைக்குத்தான் எனக்கு வாய்த்தது.

என் கணவர் பின்னாலேயே ஓடி வந்தார். கோயில் கண்ணுக்கு மறைந்த பிறகு அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னுமா அடிக்கிறாரு? அதெல்லாம் நின்னுடுச்சின்னுல நெனச்சேன்."

"உங்க எல்லாருக்கும் நின்னுடுச்சி. அவளுக்கு நிக்கல."

வீட்டுக்கு வந்ததும் சக்கரத்தை மாட்டிக் காரைத் தரையில் இறக்கினேன். நட்டில் சாக்கெட்டைப் பொருத்தி, கைப்பிடியில் ஒரு நீளக் குழாயைச் செருகினேன். அவர் தானாகவே வந்து குழாயின் முனையில் ஏறி முழுப் பாரத்தையும் போட்டார். நட்டு ஒரு தடவை முனகிவிட்டு இறுகியது.

"நானும் வரேன் குமுதா."

"வேணாம். நீங்க கோயிலுக்குப் போங்க. உங்க சகலைக்குப் பக்கத்துல உக்காருங்க. ரெண்டாவது சோறு, மூணாவது சோறு கேட்டுப் போடச் சொல்லி, மெதுவா சாப்பிட வைங்க."

போனார். சாப்பிட வைப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது, அதை நம்பலாம்.

தோட்டத்துச் சாலையில் முதல் வளைவில் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தேன். சத்தமே இல்லை. இரண்டாவது வளைவிலும் இல்லை. செம்பனைகளுக்கு மேல் வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தபோது, முச்சந்தியில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒற்றைப் பையோடு புனிதா நின்றாள். கார் நிற்பதற்குள் கதவைத் திறந்துவிட்டாள்.

"உன் வீட்டுக்கா போறோம்க்கா?" என்றாள், கொஞ்ச தூரம் போன பிறகு.

"என் வீட்டுக்குப் போனா மறுபடியும் தேத்தண்ணி குடிக்க வந்துருவாங்க. மொதல்ல சிரம்பான் போலீஸ் ஸ்டேஷன். அப்புறம் ரஹாங்ல என்கூட வேல செய்யிற பொண்ணு, பஞ்சாலையோட வீடு. அங்க எந்தக் கமிட்டியும் வராது."

அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் சாக்கெட் கிடந்து உறுத்தியது போலும். எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"என்னக்கா இது, பொட்டெல்லாம் வெச்சி?"

"அது இல்லாம இந்தக் கார் வந்திருக்காது. கோயில்ல வெச்சிக்கிட்டுக் குடுக்க மாட்டேன்னாங்க. உன் புருஷன்தான் எல்லார் முன்னாலயும் எடுத்து எங்கிட்டக் குடுத்தாரு."

புனிதா என்னைப் பார்த்தாள். சாக்கெட்டைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். அவள் சிரித்து நான் கேட்டு எத்தனையோ நாளாகிவிட்டது. சிரிப்பு பாதியிலேயே உடைந்தது. பிள்ளையை மடிக்கு மாற்றிவிட்டு, விலாவை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"சிரிக்க வெக்காதக்கா, வலிக்குது" என்றாள்.