அம்மா இருந்த முட்டி

ஆனைக்கோட்டையில் அகழ்வுக் குழியைக் காட்டியதுதான் பிழை. கோபிசங்கருக்கு அது பிறகுதான் உறைத்தது. மனைவி தனுசியா இறந்து நாலு மாதம். ஐந்து வயது மகள் ஆரபியோடு ஞாயிற்றுக்கிழமைகளை எப்படிக் கழிப்பதென்று தெரியவில்லை. வரலாறு படித்தவன், பழைய இடங்களுக்குக் கூட்டிப் போனான்.

"உந்தப் பானை என்னத்துக்கு அப்பா?"

"செத்த ஆக்களின்ரை எலும்பை அந்தக் காலத்திலை உதுக்குள்ளை வைச்சுப் புதைக்கிறது."

அவள் குழிக்குள் எட்டிப் பார்த்தாள். அங்கிருந்து ஒல்லாந்தர் கட்டிய கோட்டைக்கு வந்தார்கள். இடிந்த தேவாலயத்தைப் படமெடுக்க அவள் கையை விட்டான். திரும்பினால் பிள்ளை இல்லை.

கோட்டைக்குள் இருந்த பழைய கிணற்றடிக்கு ஓடினான். எட்டிப் பார்க்கக் கால் வரவில்லை. பார்த்தான். பச்சைப் பாசி. ஓர் அசைவும் இல்லை.

"ஆரபி!"

மதில் அவன் குரலையே திருப்பித் தந்தது.

காவலாளி கனிசியஸ் டோர்ச்சோடு வந்தார். "பதறாதை தம்பி. கட்டின ஒல்லாந்தனே உள்ளுக்கை வழி மாறித் திரிஞ்சிருப்பான். சின்னப் பிள்ளை எவ்வளவு தூரம் போகும்?"

பகிடிதான். ஆனால் அவரும் ஓடினார்.

மதிலுக்கு அடியில் நிலவறைகள். முதலாவதில் வௌவால். இரண்டாவதில் கற்குவியல். மூன்றாவது வாசலில் ஒற்றைச் செருப்பு. கோபிசங்கர் அதை எடுத்தான்.

உள்ளே கிசுகிசுப்புக் கேட்டது. ஆரபி உடைந்த பானையொன்றுக்குள் முகத்தை வைத்து, "அம்மா... அம்மா..." என்றுகொண்டிருந்தாள்.

வாரித் தூக்கினான். "இஞ்சை ஏன் வந்தனி?"

"நீங்கள்தானே சொன்னனீங்கள், முட்டிக்குள்ளை அம்மா எண்டு."

சொன்னான்தான். காடாத்தன்று சுடலையில் சாம்பலை அள்ளி, மண்முட்டியில் வெள்ளைத் துணி கட்டிப் புறப்பட்டபோது கேட்டாள், சொன்னான். பிறகு நடந்ததைச் சொல்லவில்லை.

"அதை எங்கை புதைச்சனீங்கள்?"

"புதைக்கேல்லை. கீரிமலைக் கடலிலை விட்டனான்."

"அம்மாவுக்கு நீந்தத் தெரியாதெல்லோ?"

கனிசியஸ் டோர்ச்சை நிலத்துக்குத் தாழ்த்தினார்.

"தோளுக்கு மேலாலை பின்னுக்கு விட்டிட்டு, திரும்பிப் பாராமல் வரவேணுமெண்டு பெரியாக்கள் சொன்னவை," என்றான் கோபிசங்கர்.

"நீங்கள் பார்க்கேல்லையோ?"

"இல்லை."

அவள் விரல்கள் அவன் கொலரை இறுக்கின. "அப்ப வாங்கோ, போய்ப் பாப்பம்."

செருப்பை அவளுக்கு மாட்டினான். மோட்டார் சைக்கிளைக் கீரிமலைப் பக்கம் திருப்பினான்.